கையில் நாடா, காதில் பாடம்

படிக்க விருப்பமுண்டு, அவகாசந்தான் இல்லை என்று சொல்லுகிறவர்களில் பாதிப்பேர் சாக்குச் சொல்லுகிறார்கள் என்பது நம் எண்ணம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பத்திரிகைக்காரர்களும் பெரும்பாலும் இந்தப் பாதியைச் சேர்ந்தவர்கள். ஆனால் காஞ்சீபுரத்துப் பட்டு நெசவாளி அதே வார்த்தையைச் சொல்லும்போது அதைச் சாக்கென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, புடவைக்குத்தான் கூலி. எளிய புடவை ஒன்றை முடிப்பதற்கே பத்துப் பதினைந்து நாள் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார வேண்டும். கோர்வையும் நெருங்கிய ஜரிகை வேலையும் கூடினால் நாள் இன்னும் நீளும். இவ்வளவில் ஒரு மணி நேரம் எழுந்துபோய்ப் புஸ்தகத்தைப் பிரித்தால், அந்த ஒரு மணியின் கூலியும் அவனோடு எழுந்து போய்விடுகிறது.

இவர்களில் அநேகர் படிப்பை வெறுத்து விட்டவர்களல்லர் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். சென்ற நூற்றாண்டின் கடைசி வருஷங்கள் வரையில் காஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சிறுவர் சிறுமியர் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தறிக்கு வந்து சேர்ந்தார்கள். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை ஈடாக உட்கார்ந்தான். அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதினர். ஐந்தாவதோ எட்டாவதோ படித்த படிப்பு கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் போதும். பத்தாவது தேறியிருக்கவேண்டும் என்று கேட்கும் எந்த வாசலிலும் நுழையப் போதாது.

அந்த வாசலைத் திறக்க ஓர் ஏற்பாடும் செய்யப்பட்டது. 1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்ட ஞாபகார்த்தமாக, 2015-ம் வருஷம் முதல் அத்தேதி தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. முதல் வருஷத்துக் கொண்டாட்டம் சென்னையிலேயே நடந்தது. அடுத்த வருஷம், 2016-ல், அதே தினத்தில் மத்திய ஜவுளி இலாகா தேசியத் திறந்தநிலைப் பள்ளியுடனும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. நெசவாளரும் அவர்கள் குடும்பத்தினரும் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், பெண்கள் ஆகியோருக்குக் கட்டணத்தில் 75 சதவிகிதத்தைச் சர்க்கார் ஏற்கும் என்பது அதன் சாரம். திறந்தநிலைப் பள்ளியின் விதிகளும் உழைப்பாளிக்கு மிகவும் இசைந்தவை. பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது முறை பரீட்சை எழுதலாம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் தேறவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. ஒவ்வொன்றாகத் தேறிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டணம் குறைந்தது, கெடு நீண்டது, எல்லாம் சரி. அவகாசம் எங்கிருந்து வரும்? அதை மட்டும் எந்த உடன்படிக்கையாலும் கொடுக்க முடியவில்லை. இங்கேதான் நாம் நெசவாளியின் காதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

தறியில் இருப்பவனுடைய கை, கால், கண் மூன்றும் வேலையில் அகப்பட்டுக்கொண்டவை. காது அப்படியல்ல. அறுந்த இழையையும் அடம்பிடிக்கும் நாடாவையும் அது சொல்லிக்கொடுக்கும் என்றாலும், நாளின் பெரும்பகுதி ஓய்வாகவே இருக்கிறது. கைத்தறியின் ஓசை பேச்சை மூழ்கடிப்பதில்லை. விசைத்தறிக் கூடத்தில் பக்கத்திலிருப்பவன் கூவினாலும் காதில் விழாது; குழித்தறி வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து கேட்கும் கேள்விக்கு நெசவாளி தறியிலிருந்தபடியே பதில் சொல்லுகிறான். யந்திரத் தறிக்கு இல்லாத இந்தப் பாக்கியத்தைக் கைத்தறிக்காரர்கள் இதுவரை கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்துபோகிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். காது ஓய்வாக இருக்கிறதென்று நாம் சொல்வதும் முழு உண்மையன்று. அதைப் பிறர் குடியேறி அனுபவித்து வருகிறார்கள். முன்னாளில் ரேடியோப் பெட்டி. பிறகு டேப் ரிக்கார்டர். இப்போது தறிமரத்தில் சாய்த்துவைத்த செல்போன். சினிமாப் பாட்டு, சினிமா வசனம், வம்பு, ஜோசியம், அரசியல் ஏச்சு எல்லாம் வரிசையாக வருகின்றன. ஒன்று முடிந்தால் அடுத்ததை யந்திரமே தேர்ந்தெடுத்து ஓட்டிவிடுகிறது. நாம் ஒரு வீட்டில் விசாரித்தபோது, “நான் எதையும் போடவில்லை ஐயா, அதுவாக வருகிறது” என்றார் பெரியவர் ஒருவர். பாட்டுக் கேட்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. பாட்டில்லாமல் நெய்யச் சொல்லுபவன் தறியை அறியாதவன். எட்டு மணி நேரத்தையும் “அதுவாக வருகிற”தற்கே கொடுத்துவிடலாமா என்பதே நம் கேள்வி. ஒரு வேடிக்கையையும் சொல்லிவைக்கலாம். 1804-ல் பிரெஞ்சுக்காரனான ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை எழுப்பினான். அந்தத் துளை அட்டையைப் பார்த்தே கணக்கிடும் யந்திரத்துக்குக் கட்டளையிடும் வழியைப் பின்வந்தவர்கள் கண்டார்கள். ஆகையால் இன்று தறிமரத்தில் சாய்ந்திருக்கும் செல்போன் தறிக்குத் தூரத்து உறவு. உறவுக்காரன் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் உபகாரமும் செய்யவேண்டாமா?

வேலைசெய்யும் கைக்கு மேலே பாடம் சொல்லும் குரல் என்பது உலகத்துக்குப் புதிதன்று. கியூபா தேசத்து ஹவானா நகரத்தில், எல் பிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில், 1865-ம் வருஷக் கடைசியில் தொழிலாளர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தங்களில் ஒருவர் உயர்ந்த ஆசனத்திலமர்ந்து உரக்கப் படிப்பது. மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பது. படிப்பவருக்கு ஏற்படும் கூலி நஷ்டத்தைக் கேட்பவர்கள் கைப்பணத்திலிருந்து ஈடு செய்வது. பத்திரிகை, சரித்திரம், நாவல் எல்லாம் படிக்கப்பட்டன. ஆறே மாதத்தில், 1866-ல், ஸ்பானிய அதிகாரிகள் இதைத் தடுத்து உத்தரவு போட்டார்கள். படிப்பறை நாளடைவில் ராஜீய விவகார மண்டபமாகிவிடும் என்ற பயமே காரணம். சுருட்டுக்காரன் காதில் விழும் எழுத்து எவ்வளவு வலியது என்பதை நண்பர்களைவிட அந்த அதிகாரிகளே நன்றாக உணர்ந்திருந்தார்கள்! தடையை மீறி வழக்கம் திரும்பவும் தழைத்தது. கடல் கடந்து அமெரிக்காவின் தம்பா நகரத்துக்கும் போயிற்று. அங்கே 1931-ல் முதலாளிகள் படிப்பவரை ஆசனத்திலிருந்து இறக்கினார்கள். அவ்விடத்துக்கு ரேடியோ வந்து சேர்ந்தது. கேட்பவர்கள் தாங்களே காசு கொடுத்தவரையில் எந்தப் புஸ்தகம் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். ரேடியோ வந்தபின் அந்தத் தீர்மானம் வேறு கைக்குப் போயிற்று.

கியூபா வெகுதூரம் என்பவர்களுக்குக் கண்ணனூரைக் காட்டுவோம். 1969-ல் அங்கே ஏற்பட்ட கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவு ஸ்தாபனத்தின் வேலைக்கூடங்களில் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். படிப்பவர் சுற்றவேண்டிய பங்கை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பாராத மனிதர்கள் பட்ஜெட்டையும் பன்னாட்டு யுத்தத்தையும் பற்றி வக்கீலோடு வாதாடியது இந்தக் கேள்வியறிவால்தான்.

காஞ்சிக்கோ இதைக் கியூபாவும் கண்ணனூரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பல்லவர் காலத்தில் இவ்வூர்க் கடிகையை நாடித்தான் கதம்ப மயூரசர்மன் தன் குருவுடன் வந்தான் என்று தாளகுண்டாச் சாசனம் கூறுகிறது. அக்காலத்துக் கல்வியில் ஏடு துணை. வாயும் காதுமே முதல். இன்றும் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் கோஷ்டியாய்ப் பிரபந்தம் சேவிப்பவர்கள் அதைச் ‘சந்தை’ முறையில் கற்றவர்கள். ஆசிரியர் ஒருமுறை சொல்லுவார். மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்லுவார்கள். (எந்தக் கோஷ்டி எதை முன்னே சொல்லுவது என்ற விவகாரம் தலைமுறை தலைமுறையாய் நியாயஸ்தலம் ஏறியிறங்கி நம் தொழிலாளர்களான வக்கீல்களைப் போஷித்து வந்திருப்பது தனிக் கதை.) அம்முறையில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அங்கே மாணாக்கன் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கேட்டதை உடனே வாயால் மீட்டுச் சொல்லுகிறான்.

இதைவிட நம் காரியத்துக்குப் பொருத்தமானது பாரதப் பிரசங்கம். காஞ்சி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களில் திரௌபதியம்மன் உத்ஸவம் தொடங்கினால் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். படிப்பது வில்லிபுத்தூரார் பாரதம். அது எளிய நூலன்று. பண்டிதரும் நின்று நிதானித்துப் பதம் பிரிக்கவேண்டிய செய்யுள். கேட்பவர்களோ வெயிலில் வேலை செய்துவிட்டு மரத்தடியில் வந்து உட்காருகிற குடியானவர்களும் பெண்மக்களும். பிரசங்கியார் என்ன செய்கிறார்? செய்யுளைப் பாடுகிறார் அல்லது பாடச் செய்கிறார். பதத்தைப் பிரிக்கிறார். பிறகு அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுகிறார். சொன்னதை வேறொரு விதமாகத் திரும்பவும் சொல்லுகிறார். ஊர்ச் சங்கதி ஒன்றை இழுத்து உவமை காட்டுகிறார். மறுநாள் ஆரம்பத்தில் நேற்றைய கதையை நான்கு வாக்கியத்தில் ஞாபகப்படுத்துகிறார். படுகளம் முடியும்போது எழுத்தறியாத பாட்டிக்கும் சூதுபோர்ச் சருக்கத்தின் நியாய அநியாயம் மனப்பாடம். துரியோதனன் பக்கத்து வாதத்தையும் அவள் எடுத்துச் சொல்லுவாள்.

இதை நாம் ரசனைக்காக விஸ்தரிக்கவில்லை. செவிவழிப் பாடம் என்று இப்போது விற்பனையாவதும் இலவசமாக வருவதும் பெரும்பாலும் புஸ்தகத்தை அப்படியே ஒருவர் படித்து விடுவதுதான். தமிழில் அது பலிக்காது. நம் பாடப்புஸ்தகத் தமிழ் கண்ணுக்காக எழுதப்பட்டது. ‘செய்து, வந்து, கண்டு, கொண்டு’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றை வாக்கியத்தின் வாலில் வைக்கிறோம். கண் திரும்பி மேலே போய்ப் பார்க்கும். காதுக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. அதோடு வீட்டில் பேசும் தமிழ் வேறு, புஸ்தகத் தமிழ் வேறு. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுபவரே பிரசங்கியார். அவரைப் போன்றவர்கள் சரித்திரத்தையும், பூகோளத்தையும், அரசியலமைப்புச் சட்டத்தையும் பிரசங்கம் செய்து பதிவுசெய்து வைக்கவேண்டும்.

கருவியின் வரலாற்றை இரண்டொரு வார்த்தையில் முடித்துக்கொள்வோம். எடிசன் 1877-ல் பேசும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே அதன் உபயோகங்களை எழுதும்போது, கண்ணற்றோர் சிரமமின்றிக் கேட்கக்கூடிய பேசும் புஸ்தகங்களையும் குறிப்பிட்டார். 1934-ல் அமெரிக்காவில் அது நிறைவேறிற்று. சென்னையில் 1924-ல் ரேடியோ அபிமானிகளின் சங்கம் ஏற்பட்டது. 1930-ல் நகரசபை ஒலிபரப்பை நடத்தத் தொடங்கிற்று. 1938-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் நிலையம் திறக்கப்பட்டது. 1960-களில் திருச்சி நிலையத்தார் ஆடுதுறை 27 என்ற புது ரக நெல்லைப் பற்றி விடாமல் சொல்லி வந்ததைக் கேட்டுத் தஞ்சைக் குடியானவர்கள் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வந்துவிட்டது. காதில் விழுந்த பாடம் களத்தில் குவிந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

இனி ஆட்சேபங்கள். காதால் கேட்பது படிப்பாகுமா என்று உபாத்தியாயர்கள் கேட்பார்கள். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனி அதிகாரம் வகுத்தது எதற்காக என்று திருப்பிக் கேட்டு வாயடைத்துவிடலாம்; ஆனால் அது வக்கீல் தந்திரமாகிவிடும். ஆராய்ச்சியாளர் கண்டதைச் சொல்லுவோம். அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கதைபோல் தொடர்ந்து செல்லும் நூலைக் கேட்டவர்களுக்கும் படித்தவர்களுக்கும் கிரகிப்பில் குறிப்பிடத்தக்க வேற்றுமையில்லை என்றது. 2010-ல் வெளியான மற்றொன்றிலோ, பாடக் கட்டுரையைக் கேட்டுவிட்டு வந்த மாணவர்கள், படித்துவிட்டு வந்தவர்களைக் காட்டிலும் பரீட்சையில் மோசமாக எழுதினார்கள். இரண்டும் நம் பாரத மரத்தடியோடு பொருந்துகின்றன. கதையோட்டமுள்ள விஷயம் காதுக்கு ஏறும். நெருக்கமான பாடம் ஒரே முறை கேட்டால் ஏறாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் காட்டியது சந்தை முறைக்கே நற்சாக்ஷிப் பத்திரம்: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நாள்பட நிற்கும். ஆகவே, ஒரே பாடத்தைக் காலையில் ஒருமுறை கேட்பது. தார் மாற்றும்போது நிறுத்தி, கேட்டதை வாய்விட்டுச் சொல்லுவது. மாலையில் மறுமுறை கேட்பது. இரவில் பத்து நிமிஷம் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. இந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர்க்க முடியாது. பரீட்சை காகிதத்தில்தான் நடக்கிறது. கணிதத்தையும் காதுக்கு விட முடியாது. கோணமும் வட்டமும் கண்ணுக்குரியவை. அவற்றுக்கு வாரத்தில் ஒரு மாலையாவது ஓர் ஆசிரியர் முன் உட்காரவேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் நெசவாளரிடமிருந்தே வருகிறது, அது கனமானது. கவனம் சிதறினால் புடவை கெடும். உண்மை. கோர்வை வேலையில் உடலுக்கும் இருகரைக்குமாக மூன்று நாடா. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறார். முந்தானையைப் பிணைக்கும் பெட்னி வேலையிலோ இழை இழையாய்க் கண் வைக்கவேண்டும். அப்படிப்பட்ட வேளையில் எந்தக் குரலும் கூடாது, நிறுத்திவிடவேண்டியதுதான். உடல் சாதாரணமாக ஓடும் நேரமே பாட நேரம். அப்போதும் காதுக்குள் செருகும் இயர்போன் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். ஒருவர் காதை அடைத்துக்கொண்டால் துணையாள் சொல்லும் எச்சரிக்கை கேட்காது, கரை தப்பும். சிறு ஒலிபெருக்கியில் இருவருக்கும் கேட்கும்படி வைத்தால் ஒரு பாடம் இரண்டு பேருக்காகிறது. தார் சுற்றும் மனைவியும், பக்கத்தில் பள்ளிப் பாடம் எழுதும் பிள்ளையும் சேர்ந்தால் நாலு பேருக்காகிறது. தவறாகக் கேட்டதைத் திருத்தவும் ஓர் ஆள் இருக்கும்.

குறை எங்கே என்றால் சரக்கில் இருக்கிறது. 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சர்க்கார் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி நல்ல காரியமே. ஆனால் அது பார்க்கவேண்டிய பாடம். கரும்பலகையில் ஆசிரியர் எழுதிவிட்டு “இதைப் பாருங்கள்” என்றால் தறியிலிருப்பவன் எதைப் பார்ப்பான்? எழுத்தைத் தானே படித்துக் குரலாக்கும் யந்திரங்களைச் சென்னை ஐ.ஐ.டி. முதலிய ஸ்தாபனங்கள் தமிழுக்கும் உண்டாக்கியிருக்கின்றன. செல்போனிலேயே அவ்வசதி வருகிறது. அது மேன்மேலும் சீர்ப்பட்டு வருவதை ஒப்புக்கொள்ளுகிறோம். எனினும் ‘க’ என்ற ஒரே எழுத்துக்கு நாம் இடத்துக்கேற்பக் கொடுக்கும் வெவ்வேறு ஒலிகளில் அது இடறுகிறது. எங்கே மூச்சுவிடவேண்டும் என்பது அதற்குத் தெரிவதில்லை. அவசரத்துக்கு உதவும், பிரசங்கியாருக்கு ஈடாகாது.

புஸ்தகத்தைப் பதிவுசெய்யச் சட்டம் இடந்தருமா என்ற கேள்விக்கு நம் தொழில்முறையில் பதில் சொல்லுவோம். ஆசிரியர் மறைந்து 60 வருஷம் கழிந்த நூல்களை யாரும் படித்துப் பதிவுசெய்யலாம். 1949-ல் பாரதியார் நூல்களில் தொடங்கி நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கும் தடையில்லை. பார்வையற்றோர் முதலியவர்களுக்காக லாபநோக்கின்றிக் குரல் வடிவம் செய்வதை 2012-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அனுமதித்திருக்கிறது. அதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகத்திலேயே முதன்முதல் உறுதிசெய்த தேசம் நம்முடையது. ஆனால் கண்ணுள்ள நெசவாளிக்கு அந்த விலக்கு செல்லாது. கண் இருந்தும் அதைத் தறிக்கு அடகு வைத்தவன் என்று சட்டம் ஒரு வகுப்பை அறியவில்லை. பாடப்புஸ்தகங்களின் உரிமையோ சர்க்கார் கையிலும் சர்க்காரைச் சார்ந்த ஸ்தாபனங்களின் கையிலும் இருக்கிறது. உரிமையாளரே அனுமதித்துவிட்டால் வழக்கேது?

எனவே காஞ்சியின் பட்டுக் கூட்டுறவு சங்கங்களுக்கு நாம் சொல்லுவது இது. சர்க்கார் பாடம் பதிவுசெய்து அனுப்பும் வரையில் காத்திருக்கவேண்டாம். ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு அறையைக் கொடுக்கட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சரித்திர ஆசிரியர் ஒருவர், கிடைத்தால் பாரதம் சொல்லும் பிரசங்கியார் ஒருவர் ஆகிய மூவருக்கு மரியாதையான ஊதியம் கொடுத்துப் பாடம் சொல்லச் செய்து செல்போனிலேயே பதிவுசெய்யட்டும். பாடம் ஒன்று இருபது நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம். முடிவில் மூன்று கேள்வி இருக்கட்டும். ஊதியத்துக்குப் பணம் சங்க உறுப்பினரிடமே புடவைக்கு இத்தனை காசு என்று வசூலிக்கப்படுவது உத்தமம். கொடுத்தவன் கேட்பான், பிடிக்காவிட்டால் வேறு ஆசிரியரைப் போடு என்று சண்டையும் பிடிப்பான். ஹவானாவில் நடந்தது அதுவே.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? சமூகவியலும் தமிழும் என்பது நம் யோசனை. இரண்டும் காதுக்கு இணங்குபவை. அவற்றில் தேறினால் ஐந்தில் இரண்டு கைக்கு வந்துவிடும். திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சை வருஷத்துக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடக்கிறது. விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பவேண்டும். பழைய பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி எடுக்கவே சிலருக்கு ஒரு மாதம் பிடிக்கும். சங்கக் காரியதரிசிகள் அந்தத் தேடுதலை இந்த வாரமே தொடங்கி வைக்கலாம்.